கையில் கொடுக்காத கத்தி

அவர் அந்தக் கத்தியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். கேட்டால் இல்லை என்றும் சொல்ல மாட்டார். மடக்கி, சீட்டின் மேல் வைத்து, "எடுத்துக்கோங்க" என்பார். வேலை முடிந்ததும் நாமும் அதேபோல சீட்டின் மேல் வைக்க வேண்டும், அவர் எடுத்துக்கொள்வார். பழக்கம் தெரியாத யாராவது கையை நீட்டினால், நீட்டிய கைக்குப் பக்கத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைப்பார்.

உப்பு, மிளகாய், ஊசி, கத்தி இவற்றையெல்லாம் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். வீட்டுக்குள் அதைக் கடைப்பிடிப்பவர்கள் நிறைய பேர் உண்டு. ஓடுகிற பஸ்ஸில், அடுத்த வளைவில் கத்தி உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விடும் என்று தெரிந்தும் கடைப்பிடித்தவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

மலைமேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பஸ்ஸில் எல்லோருக்கும் சிஸ்டர். நானும் இங்கே பெயரை எழுதப்போவதில்லை.

கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் காலை பஸ் அது. மலைமேல் அரசு வேலை பார்க்கிற பெண்களில் பாதிப்பேர் கீழே குடியிருந்துகொண்டு தினமும் அதில்தான் போய்வந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. செல்வி டீச்சர். அவள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலேயே ஏறிவிடுவாள். நான் வடக்கனந்தலில் ஏறும்போது பஸ் நிறைந்திருக்கும். ஆனால் பின்பக்கம் இடதுகை ஓரம் இரண்டு பேர் சீட்டில் செல்வி ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். என்னைப் பார்த்ததும் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். பஸ்ஸில் யாரும் அந்தப் பையை நகர்த்தச் சொன்னதில்லை. அது என் இடம் என்று டிரைவருக்கும் தெரியும்.

என் கைப்பையில் எல்லாம் இருக்கும். ஊக்கு, ஊசி நூல், தலைவலி மாத்திரை, இரண்டு அறை வைத்த சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் மிளகாய்த்தூள். யாருக்காவது செருப்பு வார் அறுந்தால், ஜாக்கெட் கொக்கி விட்டால், "கணக்கு மேடம்கிட்ட கேளு" என்பார்கள். கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் கொய்யா வாங்கினால் அதை ஜன்னல் கம்பியில் தட்டி உடைத்து, என் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவோம். உடைந்த கொய்யா கோணல்மாணலாகத்தான் இருக்கும். சிஸ்டர் வரும்வரை யாரும் குறை சொன்னதில்லை.

அவர் வந்த முதல் வாரம். எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். செல்வி கொய்யாவைக் கம்பியில் தட்டப்போனாள். "இருங்க" என்று ஒரு குரல். அதன் பிறகு "டக்" என்று ஒரு சத்தம். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கத்தியைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். பிடி மயில் நீலம். அதன் மேல் பொன் நிறத்தில் கொடியும் இலையும். அலகில், மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, அந்த நிறங்கள். அலகின் அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குமிழ் ஒன்று. கட்டைவிரலால் அதைச் சற்றே தள்ளினால் போதும், மீதி வேலையை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். பின்னால் ஒரு கிளிப். அதை வைத்துத்தான் கைப்பையின் உள் ஓரத்தில் மாட்டியிருப்பார். அழகான பொருள்தான். அழகில்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

"சிஸ்டர், அது இன்னா, கத்தியா, நகையா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"நகைதாங்க. எங்க மாமியார் போட்டது. மீதியெல்லாம் அடகுல கீது, இது ஒண்ணுதான் மிச்சம்."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மடியில் செய்தித்தாளை விரிப்பார். ஸ்பிரிட் பஞ்சால் அலகைத் துடைப்பார். பிறகு அரியத் தொடங்குவார். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே மாட்டார். கண்டக்டருக்குக் காயாக இருக்கிற பக்கம். செல்விக்கு விதையோடு நடுப்பகுதி. பல் கூசும் சத்துணவு அக்காவுக்குத் தோல் சீவி, மெல்லிசாக. எனக்கு வருகிற துண்டுகள் மட்டும் எப்போதும் ஒரே கனத்தில் இருக்கும். ஒருமுறை பக்கவாட்டில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். துளி வித்தியாசம் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

பேச்சும் அப்படித்தான். அந்தக் கத்தி எங்கே வாங்கியது என்று செல்வி கேட்டபோது, "தம்பி துபாயிலருந்து வாங்கியாந்தான்" என்றார். செல்வியின் தம்பி துபாயில் இருக்கிறான். அரைமணி நேரம் இருவரும் துபாய் தம்பிகளைப் பற்றிப் பேசினார்கள். நான் தனியாகக் கேட்டபோது, "ஆன்லைன்ல வாங்கினதுங்க மேடம். பில்லு பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். நான் பில்களை வைத்திருப்பவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

செல்வியிடம் சொன்னேன். "உனக்கு ஒண்ணு சொல்றாங்க, எனக்கு ஒண்ணு சொல்றாங்க, கண்டக்டருக்கு ஒண்ணு சொல்றாங்க."

"அதுக்கு இன்னா இப்ப? தம்பி ஆன்லைன்ல வாங்கியிருப்பான்."

"மாமியார்?"

"மாமியாருக்குத் தெரியாம வாங்கியிருப்பான். உடுடி."

செல்வி இன்னொருவருக்காக என்னிடம் வாதாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நானும் ஒன்று வாங்கினேன். அவர் வைத்திருந்த அதே நீலம், அதே கொடி. நூல் அறுக்க என்று சொல்லி அவர் கத்தியை ஒருநாள் வாங்கி, அதாவது சீட்டிலிருந்து எடுத்து, என் சின்ன ஸ்கேலால் அளந்து வைத்திருந்தேன். வந்தது அளவு மாறாமல் வந்தது. வீட்டில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து மூடிப் பழகினேன். ஒரு திங்கட்கிழமை, மாங்காயும் கத்தியுமாக பஸ் ஏறினேன். செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து, குமிழைத் தள்ளினேன். "டக்." அதே சத்தம்.

பஸ்ஸே திரும்பியது. முன் சீட்டில் இருந்த சிஸ்டர் பக்கம்.

"சிஸ்டர், இன்னைக்கி இன்னா பழம்?" என்றார் கண்டக்டர் பின்னாலிருந்து.

"என்து இல்லீங்க, மேடம்து" என்றார் அவர். எட்டிப் பார்த்துவிட்டு, "என்தவிட நல்லா ஷார்ப்பா கீது" என்றும் சொன்னார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

செல்வி சிரித்தாள். "ஏண்டி, ஒரு பஸ்ஸுக்கு எதுக்கு ரெண்டு கத்தி?"

மாங்காயை அரிந்து முடித்தேன். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் கத்தியைப் பீரோவில் வைத்துவிட்டேன்.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை என்றுதான் இருந்தேன். பெரிதானது ஒரு மழை நாளில். நான் ஏறும்போதே சிஸ்டர் பின்னால் திரும்பி, முழங்காலைச் சீட்டில் ஊன்றி, செல்விக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். செல்வி பையைத் தூக்கிக்கொண்டாள், உட்கார்ந்தேன். செல்விக்கு அந்தக் கத்தியைத் திறக்கக் கற்றுத் தருகிறாராம்.

"பயமா கீது சிஸ்டர். விரல அறுத்துக்கிச்சின்னா?"

"ஒண்ணும் ஆவாது. புடிங்க." என்று சொல்லி, கத்தியைச் செல்வியின் உள்ளங்கையில் வைத்தார். சீட்டில் வைக்கவில்லை. கையில், கையோடு கை. வைத்து, அவள் விரல்களைத் தன் விரல்களால் மடக்கி, அவள் கட்டைவிரலைப் பிடித்துக் குமிழின் மேல் நிறுத்தினார். "டக்." செல்வி சின்னப் பெண் மாதிரி கத்தினாள்.

நான் சொன்னேன், "கத்தியக் கையில வாங்கினா சண்டை வரும்பாங்க."

"எனக்கும் சிஸ்டருக்குமா?" என்றாள் செல்வி. "போடி."

அன்று கத்தியை வைத்து நான் ஏதோ பாக்கெட் பிரிக்க வேண்டியிருந்தது. கேட்டேன். சிஸ்டர் எனக்கும் செல்விக்கும் நடுவில் இருந்த நான்கு விரல் இடத்தில் பதமாக வைத்து, "எடுத்துக்கோங்க மேடம்" என்றார்.

நான் டைரி எழுதுகிறவள். அன்றைய பக்கத்தில் மழை, பஸ் தாமதம், வெண்டைக்காய் முற்றல் என்று இருக்கிறது. கத்தியைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினால் என்னவென்று எழுதுவது?

ஆனால் சண்டைக்காகக் காத்திருந்தேன். தினமும் பஸ் ஏறியதும் இருவர் முகத்தையும் பார்ப்பேன். சின்னதாக ஒரு மனத்தாங்கலாவது வரட்டும் என்றிருந்தது. அவரோடு யாராலும் சண்டை போட முடியவில்லை. தன் காலை மிதித்தவரிடம் இவரே மன்னிப்புக் கேட்பார். ஜன்னலைச் சாத்தச் சொல்பவருக்கும் திறக்கச் சொல்பவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஜன்னலைப் பாதி திறந்து, இருவரிடமும் நல்ல பேர் வாங்குவார்.

வந்த சண்டை எனக்கும் செல்விக்கும்தான். ஒரு காலை ஏறியபோது செல்வியின் பக்கத்தில் பை இல்லை. சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க மேடம், உக்காருங்க. நாங்க சும்மா பேசிக்கினு இருந்தோம்."

"பரவால்லீங்க, நீங்களே இருங்க."

"எங்க போற? இடம்தான் குடுக்கறாங்கல்ல?" என்றாள் செல்வி.

"குடுக்கறாங்களா? அது இன்னா அவங்க இடமா, குடுக்கறதுக்கு?"

"சீட்டுல உன் பேரு எழுதிக் கீதா?"

பஸ்ஸில் பல பேர் இருந்தார்கள். நான் முன்னால் போய், டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மேல் போட்டிருக்கும் மெத்தையில் உட்கார்ந்துகொண்டேன். சூடு ஏறியது. மலை முழுக்க அப்படியே போனேன். மறுநாளும் அங்கேதான். அதற்கடுத்த நாள் ஏறும்போது செல்வியின் பக்கத்தில் பை இருந்ததைப் பார்த்தேன்; பார்க்காத மாதிரி முன்னால் போனேன். அதற்கும் அடுத்த நாள் பை இல்லை.

கச்சிராயபாளையம் தாண்டியதும் கத்தி திறக்கும் "டக்" பின்னால் கேட்கும். கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே முன்னால் வந்து, செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை நீட்டுவார். "சிஸ்டர் குடுத்தாங்க." பிரித்தால் ஒரே கனத்தில் துண்டுகள், எனக்குப் பிடித்தபடி மிளகாய்த்தூள் இல்லாமல், உப்பு மட்டும் போட்டு. நான் டிரைவரிடம் கொடுத்துவிடுவேன். டிரைவருக்கு அந்த வாரம் நல்ல வாரம்.

இனி புடவை. பொங்கலுக்குச் செல்வியும் நானும் ஒரே கடையில் ஜோடியாக எடுத்தோம். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். பேசாமல் இருந்த அந்த நாட்களில் ஒருநாள் அதைக் கட்டிக்கொண்டு போனேன். அவள் கண்ணில் படட்டும் என்றுதான். பட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் நிறுத்தம் வந்தது. சிஸ்டரும் அங்கேதான் இறங்க வேண்டும். வழக்கமாகப் பின்வாசலில் இறங்குபவர், அன்று முன்வாசலுக்கு வந்து எனக்குப் பின்னால் நின்றார். என்னிடம் பேச நினைத்திருப்பார். நான் அவசரமாக இறங்கினேன். தரையில் ஒரு கால் வைத்தபோது புடவை பின்னால் இழுத்தது. மடிக்கும் கதவின் கீலில் பார்டர் மாட்டியிருந்தது. பின்னால் இருந்த கண்டக்டர் இறங்கியாகிவிட்டது என்று நினைத்து விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. நான் பக்கவாட்டில் ஓடத் தொடங்கினேன். பின் சக்கரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"டக்."

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பஸ் கொஞ்ச தூரத்தில் நின்றது. படியில் சிஸ்டர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி இருந்தார். இன்னொரு கையில் கத்தி. கதவுக் கீலில் ஒரு முழம் அரக்கு பார்டர் தொங்கியது.

செல்வி இறங்கி ஓடிவந்தாள். ஜனம் கூடிவிட்டது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "கொஞ்சம் இழுத்திருந்தா கையாலயே வந்திருக்கும். நல்ல புடவை."

"அறிவு கீதாடி உனக்கு? செத்திருப்ப!" என்று செல்வி கத்தினாள்.

சிஸ்டர் கத்தியை மடக்கிக்கொண்டே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இல்ல செல்வி, மேடம் சொல்றது சரிதான். இழுத்திருந்தா வந்திருக்கும். நான்தான் அவசரப்பட்டுட்டேன். சாரிங்க மேடம்."

அங்கேயும் எனக்கு வேண்டியதை அரிந்து கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் "உங்க உயிரு பெருசா, புடவை பெருசா?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் நன்றாக ஒரு சண்டை போட்டிருப்பேன். எவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்தேன்!

இன்றுவரை, கையால் இழுத்தே எடுத்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் செல்வியின் பக்கத்தில் பை இருந்தது. நான் நின்று பார்த்தேன். அவள் பையைத் தூக்கி, "உக்காரு, சீன் போடாத" என்றாள். அவள் வீட்டுப் பக்கத்துத் தெரு டெய்லரிடம் கொடுத்து, அறுந்த ஓரத்தை உள்ளே மடித்து அடித்துத் தருவதாகவும், புடவையை எடுத்துவரும்படியும் சொன்னாள். முன் சீட்டில் சிஸ்டர் திரும்பாமலே கொய்யாவைச் சீட்டு முதுகுக்கு மேலாக நீட்டினார். எடுத்துக்கொண்டேன். டிரைவருக்குக் கொடுக்கவில்லை.

பிறகு அவருக்கு உளுந்தூர்பேட்டை பக்கம் மாறுதல் வந்தது. கடைசி நாள் ஒரு கட்டைப்பை நிறையக் கொய்யா வாங்கி வந்து, பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் அரிந்தார். மலைக்காரப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், டிரைவர், ஒருவர் விடாமல். கத்தியைச் செல்வியிடம்தான் விட்டுப்போவார் என்று எல்லோரும் நினைத்தோம். செல்வியே கேட்டுவிட்டாள்.

"சிஸ்டர், அத எங்கிட்ட உட்டுட்டுப் போங்களேன்."

"அது இல்லாம அங்க நான் எப்பிடி ஆளு சேர்ப்பேன் செல்வி?" என்று சிரித்து, அலகைத் துடைத்து, மடக்கி, பையில் மாட்டிக்கொண்டார்.

நிறுத்தத்தில் இறங்கி ஆஸ்பத்திரி வளைவு வரை இருவரும் ஒன்றாக நடந்தோம். கேட்காமல் விட்டால் தூக்கம் வராது என்று தெரிந்ததால் கேட்டேன். "செல்விக்கு மட்டும் கத்தியக் கையில குடுத்தீங்க. எனக்கு எப்பவும் கீழதான் வெச்சீங்க."

அவர் நின்றார். "உங்ககூட சண்டை வந்தா எனக்குத் தாங்காதுங்க மேடம். அதான் உங்ககிட்ட அவ்ளோ உஷாரா இருந்தேன்."

அன்று மாலை டைரியில் அந்த வாக்கியத்தை மட்டும் எழுதினேன். கொஞ்ச நாள் அதைச் செல்வியிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். வைத்திருப்பது நன்றாக இருந்தது. ஒருநாள் வாய் நிற்கவில்லை, சொல்லிவிட்டேன்.

செல்வி திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட இன்னா சொன்னாங்க தெரியுமா? 'நமக்குள்ள சண்டையே வராது செல்வி, அதான் உங்களுக்கு மட்டும் கையிலயே குடுக்கறேன்'ன்னாங்க."

இரண்டில் எது பெரிது என்று கோமுகி அணை தாண்டும் வரை இருவரும் பேசினோம். அவளுடையதுதான் பெரிது என்றாள் அவள். என்னுடையது என்றேன் நான். மலை ஏறத் தொடங்கியதும் செல்வி பையிலிருந்து கொய்யாவை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டினாள். அது கோணல்மாணலாக உடைந்தது.

"உன்கிட்ட ஒரு கத்தி இருந்துச்சே?"

"பீரோல கீது."

"இருக்கட்டும்" என்றாள். டப்பாவைத் திறந்தேன். இருவரும் சாப்பிட்டோம். முன் சீட்டில் யாரோ ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இந்நேரம் அந்த பஸ்ல எவளுக்கோ அரிஞ்சி குடுத்துக்கினு இருப்பாங்க" என்றாள் செல்வி.

உளுந்தூர்பேட்டை சாலையில் ஓடும் ஏதோ ஒரு பஸ், அதில் இரண்டு பேர் சீட்டு, செய்தித்தாள் விரித்த மடி, சுற்றிலும் எட்டிப் பார்க்கும் பெண்கள், எல்லாம் என் கண்ணில் தெரிந்தது. அதில் ஒருத்தியின் முகத்தைக்கூடப் பார்த்துவிட்டேன். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

"அரிஞ்சி குடுப்பாங்க. ஆனா கத்திய யாரு கையிலயும் குடுக்க மாட்டாங்க" என்றாள் செல்வி.

"கீழயும் வெக்க மாட்டாங்க" என்றேன் நான்.

"அப்பறம் எப்பிடிடி குடுப்பாங்க?"

டப்பாவை மூடினேன். "கத்தியப் பையிலருந்து வெளியவே எடுக்க மாட்டாங்க. அது இன்னா நம்ம பஸ்ஸா?"

செல்வி என்னைப் பார்த்தாள். "ஆமா, எடுக்க மாட்டாங்க" என்றாள். அடுத்த வளைவு வந்தது. இருவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம்.